வண்டிக்கு ஆளா, ஆளுக்கு வண்டியா? – மலை இறங்கும் சைக்கிளின் கதை

எங்கள் காலத்தில் சைக்கிள் வாங்கப் போனவரிடம் கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இருபத்திரண்டா, இருபத்தி நாலா?" அது ஃபிரேமின் உயரம், அங்குலக் கணக்கில். பெடல் அச்சிலிருந்து சீட் கம்பி நுழையும் குழாயின் மேல்முனை வரைக்கும் உள்ள நீளம். நெட்டையானவருக்கு 24, மற்ற எல்லோருக்கும் 22. சக்கரம் எப்படியும் 28 தான். இத்துடன் அளவுப் பேச்சு முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் டைனமோ வேண்டுமா, கேரியர் எது, செயின் கவர் முழுசா பாதியா என்பதில் போகும்.

இன்றைக்கு விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரத்துக்கோ திண்டிவனத்துக்கோ சைக்கிள் பார்க்கப் போகும் பிள்ளைகள் வேறு எண்களைச் சொல்கிறார்கள். 26, இருபத்தேழரை, 29 என்கிறார்கள். இவை ஃபிரேம் அளவு அல்ல, சக்கரத்தின் அளவு. அதோடு "டவுன்ஹில்" என்று ஒரு சொல்லும் வந்திருக்கிறது. மலை உச்சியிலிருந்து கல்லும் வேருமான பாதையில் தலைதெறிக்க இறங்குவதற்கென்றே செய்த வண்டிக்கு அந்தப் பெயர். கைப்பேசியில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, கல்வராயன் மலை, ஏற்காடு, கொல்லிமலை என்று கூட்டமாகக் கிளம்புகிறார்கள். நம் பக்கமோ சமதளம். ஏரிக்கரைச் சரிவுதான் நாம் கண்ட இறக்கம். அதனால் இந்த வண்டி எங்கிருந்து வந்தது, எதைப் பார்த்து வாங்குவது, எப்படி ஆளுக்குப் பொருத்துவது என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் பணம் கொடுக்கப் போவது பெரும்பாலும் அந்தப் பெரியவர்கள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்த விஷயம் சுருக்கமானது. சைக்கிள் வந்த நாள் முதல் நாம் வண்டிக்கு ஏற்றபடி நம் உடம்பை வளைத்துக்கொண்டோம். மலை இறங்கும் சைக்கிளில் அது நடக்காது. அங்கே வண்டிதான் ஆளுக்கு ஏற்றபடி அமைய வேண்டும். அமையாவிட்டால் விலை உடம்பில் தீரும்.

நாம் வளைந்த கதை

1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்று நாம் ஓட்டிய வண்டிகள் வந்தன. வடக்கே சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ, வங்காளத்தில் சென்ராலே. பெயர் எதுவானாலும் உருவம் ஒன்றே. இங்கிலாந்தில் பெரிய ஆண்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து வேலைக்குப் போவதற்காக அமைத்த உருவம் அது.

அந்த உயரத்துக்கு எட்டாத சிறுவர்கள் என்ன செய்தார்கள்? குரங்கு பெடல் போட்டார்கள். பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, இடுப்பை ஒருபக்கமாக ஒடித்து, அரை வட்டமாகப் பெடலை மிதித்து, வாடகை சைக்கிளில் மணிக்கணக்குக்குள் ஊரைச் சுற்றி வந்தார்கள். வண்டி பெரிது, ஆள் சிறியவன், ஆகவே ஆள் வளைந்தான். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

அலுவலகத்திலும் இதே கதைதான். அரசு ஊழியருக்குச் சைக்கிள் முன்பணம் உண்டு. அந்தக் கோப்புகளை வருடக்கணக்கில் பார்த்தவன் நான். வண்டியின் விலை என்ன, எத்தனை தவணையில் பிடித்தம் என்றெல்லாம் கேட்போம். வாங்குபவரின் உயரம் என்ன என்று எந்தக் கோப்பிலும் கேட்டதில்லை.

1991, 92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதிய அளவு கிடைக்கவில்லை. பாருள்ள ஆண்கள் சைக்கிளிலேயே சேலையோடு ஏறிப் பழகினார்கள். குழந்தையை முன்னால் உட்காரவைக்க அந்தப் பார் வசதி என்று சொன்னவர்களும் உண்டு. பிறகு அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரம் பலவிதம். வண்டி ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று என இரண்டே விதம். அதிலும் பிள்ளைகள் வளைந்துகொண்டார்கள்.

சமதளத்தில் இது செல்லும். வேகம் குறைவு, தரை தெரிந்த தரை. முழங்கால் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் என்ன ஆகிறது என்பதற்கு வேறொரு தேசத்துக்குப் போக வேண்டும்.

பழைய இரும்புக்கடையில் பிறந்த வண்டி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பிரான்ஸ் கதையை விட்டுவிட மனமில்லை. 1951 முதல் 1956 வரை பாரிஸ் நகரத்தின் புறத்தே இருபது இளைஞர்கள் போல ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். "வேலோ குரோஸ் க்ளுப் பரிஸியேன்" என்று பெயர். சாதாரணச் சைக்கிளை மாற்றியமைத்து, மண்மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டினார்கள். இன்றைய மலைச் சைக்கிள் விளையாட்டுக்கு மிக நெருக்கமானது அது. சங்கம் கலைந்தது, விஷயமும் மறந்துபோயிற்று.

இருபது ஆண்டு கழித்து அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மரின் வட்டாரத்தில் அது மறுபடி பிறந்தது. டமால்பையஸ் என்ற மலையடிவாரத்து இளைஞர்கள் சிலர், 1930, 40-களில் ஷ்வின் கம்பெனி செய்த பழைய சைக்கிள்களைக் குப்பை விலைக்கு வாங்கி மலை உச்சிக்கு ஏற்றினார்கள். அந்த வண்டிகள் பேப்பர் போடும் பையன்களுக்காகச் செய்தவை. இரும்பு கனம், டயர் பருமன், கியர் கிடையாது. பிரேக் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும்.

1976 அக்டோபர் 21-ஆம் தேதி ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இவர்கள் முதல் பந்தயம் வைத்தார்கள். பாதையின் நீளம் ஏறத்தாழ 2 மைல், இறக்கம் 1,300 அடி. நம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி சுமார் 800 அடி. அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் அதிகமான உயரத்திலிருந்து மண்பாதையில் இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கேரி ஃபிஷர் என்பவர் அதை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது சாதனையாக நின்றது. சராசரி வேகமே மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல்.

அந்தப் பந்தயத்துக்கு "ரீபேக்" என்று பெயர் வந்த காரணத்தைச் சைக்கிள் ஓவராயில் செய்து பார்த்தவர்கள் ரசிப்பார்கள். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். அடுத்த முறை இறங்குவதற்கு முன்னால் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதால் ரீபேக்.

விழுந்து எழுந்து அவர்கள் கண்ட பாடம் மூன்று. ஒன்று, ஏறுவதைவிட நிற்பது முக்கியம், எனவே நல்ல பிரேக் வேண்டும். இரண்டு, இறக்கத்தில் சீட் உயரமாக இருந்தால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறப்பான். மூன்று, முன்பக்க ஃபோர்க் நன்றாகச் சாய்ந்திருந்தால் வண்டி நேராக ஓடும். அந்தப் பழைய ஷ்வின் வண்டிகளை அவர்கள் விரும்பியதற்கு இந்த மூன்றாவதும் ஒரு காரணம். நம் பழைய 22 அங்குல வண்டியின் ஃபோர்க்கும் முன்னோக்கிச் சாய்ந்ததுதான். அதனால்தான் மேடுபள்ளத் தெருவிலும் அது தடுமாறாமல் போகும். பந்தயச் சாலைச் சைக்கிளில் ஃபோர்க் செங்குத்தாக, ஏறக்குறைய 73 டிகிரியில் நிற்கும். இன்றைய டவுன்ஹில் வண்டியில் அது 63 டிகிரி அளவுக்குப் படுத்திருக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் இந்த வேலைக்கென்றே முதல் ஃபிரேமைப் பற்றவைத்தார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் "மவுண்டன் பைக்ஸ்" என்ற பெயரில் கடை போட்டார்கள். கடைப் பெயரே வண்டிக்குப் பெயராயிற்று. 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனியின் ஸ்டம்ப்ஜம்பர் ஆலையிலிருந்து வரத் தொடங்கியது. 1984-இல் ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்சலும் சீட் கம்பியில் மாட்டும் ஒரு ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார்கள். மலையில் ஏறும்போது சீட் மேலே, இறங்கும்போது கீழே. நிறுத்தி ஸ்பேனர் தேட வேண்டாம். சைக்கிளின் அளவு ஓடும்போதே மாறலாம் என்ற யோசனை அதிலிருந்து வளர்ந்தது.

இறங்குவதற்கே ஒரு வண்டி

1990-இல் கொலராடோ மாநிலத்தின் துராங்கோ நகரில் மலைச் சைக்கிளுக்கு முதல் அதிகாரப்பூர்வ உலகப் போட்டி நடந்தது. இறக்கப் பந்தயம் தனிப் பிரிவாக இருந்தது. ஆண்கள் பிரிவில் ஜெயித்த கிரெக் ஹெர்போல்டின் வண்டியில் முன்பக்கம் ஷாக் அப்சார்பர் வைத்த ராக்ஷாக்ஸ் ஃபோர்க் இருந்தது. அது அமுங்கிய அளவு சுமார் 2 அங்குலம். இன்றைய டவுன்ஹில் வண்டி முன்னும் பின்னும் 8 அங்குலம், அதாவது 200 மில்லிமீட்டர் வரை அமுங்கும். ஒரு தலைமுறைக்குள் நான்கு மடங்கு.

அதன் பிறகு பத்தாண்டுகள் பிரெஞ்சுக்காரர் ராஜ்யம். நீஸ் பக்கத்து நிக்கொலா வூய்யோ 1992 முதல் 1994 வரை இளையோர் பட்டத்தையும், 1995 முதல் 2002-க்குள் ஏழு முறை பெரியோர் பட்டத்தையும் வென்றார். பெண்களில் ஆன்-கரோலின் ஷோஸோன் 1996 முதல் 2003 வரை ஆண்டு தவறாமல் உலகப் பட்டம் எடுத்தார். பிறகு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பி.எம்.எக்ஸ். சைக்கிளில் தங்கமும் வென்றார். டவுன்ஹில் மட்டும் இன்றுவரை ஒலிம்பிக்கில் இல்லை.

இந்த வண்டியின் குணத்தைப் புரிந்துகொள்ள ஒரு சம்பவம் போதும். 2015-இல் ஆஸ்திரியாவின் லியோகாங் உலகக் கோப்பைப் பந்தயத்தில் அமெரிக்கர் ஆரன் குவினுக்குப் புறப்பட்ட இடத்திலேயே செயின் அறுந்துவிட்டது. பெடல் மிதிக்காமலேயே கீழே வந்து சேர்ந்து முதல் பரிசும் வாங்கினார். அப்படியென்றால் இது மிதிவண்டியா என்றே சந்தேகம் வரும். மலையேற இதைப் பயன்படுத்த முடியாது என்பதற்கும் இதே காரணம்தான். 15, 16 கிலோ கனம், இறக்கத்துக்கு மட்டும் ஏற்ற கியர், உட்கார்ந்து மிதிக்க வசதியில்லாத சீட். ஐரோப்பாவில் பனிச்சறுக்குக்குப் போட்ட கம்பிவட ஊர்திகளில் வண்டியை ஏற்றிக்கொண்டு மேலே போகிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் வேன் வேண்டும்.

எண்களின் குழப்பம்

கடையில் ஏமாறாமல் இருக்க இந்த எண்களின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். மலைச் சைக்கிளின் சக்கரம் நீண்ட காலம் 26 அங்குலமாகவே இருந்தது. அதுதான் சிறந்தது என்று யாரும் ஆராய்ந்து முடிவு செய்யவில்லை. இரும்புக்கடையில் கிடைத்த ஷ்வின் வண்டியின் சக்கரம் 26, அவ்வளவுதான்.

இப்போது இருபத்தேழரை என்று புதிதாக விற்பது, பிரான்ஸில் பாட்டன் காலத்திலிருந்து ஓடிய 650பி சக்கரம். டயரோடு சேர்த்து விட்டம் சுமார் 650 மில்லிமீட்டர், பி என்பது டயரின் பருமனைக் குறிக்கும் எழுத்து. அமெரிக்கா போய்த் திரும்பி வந்தபோது பெயர் மாறிவிட்டது. 29 என்பது சாலைச் சைக்கிளின் 700சி ரிம்மே. அதன் ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர். நம் பழைய வண்டியின் 28-க்கு ஒன்றரை டயர் உட்காரும் ரிம்மோ 635 மில்லிமீட்டர். ஆகவே பேரன் பெருமையோடு சொல்லும் 29-ஐவிடத் தாத்தாவின் 28 பெரிய ரிம்! 29-இல் டயர் பருமன் என்பதால் மொத்தத்தில் உயரமாகத் தெரிகிறது.

பெரிய சக்கரம் கல்லையும் பள்ளத்தையும் சுலபமாகத் தாண்டும். சிறியது சட்டென்று திரும்பும். 2017-இல்தான் டவுன்ஹில் உலகக் கோப்பையில் 29 நுழைந்தது. இப்போது முன்னே 29, பின்னே இருபத்தேழரை என்று கலந்து வைப்பவர்களும் உண்டு. குட்டையானவர் வண்டியின் பின்பக்கம் சாயும்போது பின்சக்கரம் உடம்பில் உரசாமல் இருக்க அது உதவும். எப்படியிருந்தாலும் இது சக்கர எண். "26 வண்டி எனக்குச் சரியா?" என்று கேட்பது, செருப்பின் நிறத்தைச் சொல்லி அளவு சரியா என்று கேட்பதைப் போன்றது.

எதை வாங்குவது

எம்.டி.பி. என்று ஒட்டியிருப்பதெல்லாம் மலை இறங்கும் வண்டி அல்ல. கடைகளில் சில ஆயிரங்களுக்குக் கிடைக்கும் பருமன் டயர் வண்டியின் முன் ஷாக் அப்சார்பர் வெறும் ஸ்பிரிங். அமுங்கிய வேகத்திலேயே திருப்பி உதைக்கும். அந்த உதையை அடக்கும் எண்ணெய் ஏற்பாடு உள்ளே இருக்காது. பள்ளிக்கூடம், டியூஷன், மண்ரோடு எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். கல்லுப்பாதையில் வேகமாக இறங்குவதற்கு அது செய்யப்படவில்லை.

உண்மையான டவுன்ஹில் வண்டியின் ஃபோர்க், மோட்டார் சைக்கிளைப் போல ஹேண்டிலுக்குக் கீழே மேலும் கீழுமாக இரண்டு பட்டைகளால் பிடிக்கப்பட்டிருக்கும். பின்சக்கரம் தனியாக மடங்கி அமுங்கும். பிரேக் டிஸ்க், அதுவும் கம்பியால் இழுக்காமல் எண்ணெய் அழுத்தத்தில் பிடிப்பது. டிஸ்க் தட்டு 200 மில்லிமீட்டர் அளவு இருக்கும். விலை லட்சங்களில்.

ஆகவே முதல் கேள்வி: வண்டியை மேலே ஏற்றுவது யார்? வேன் வைத்து ஏற்றி, பழக்குநர் ஒருவரின் கண்ணெதிரே, அதற்கென்று அமைந்த பாதையில் அடிக்கடி இறங்கப்போகிறவருக்கு மட்டுமே டவுன்ஹில் வண்டி. தானே மிதித்து ஏறி, தானே இறங்கப்போகிறவருக்கு முன்பக்கம் மட்டும் 100, 120 மில்லிமீட்டர் அமுங்கும், நல்ல எண்ணெய் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி போதும். மிச்சப் பணத்தில் தாடை வரை மூடும் ஹெல்மெட்டும் முழங்கால், முழங்கை கவசமும் வாங்கலாம்.

பழைய வண்டி வாங்கினால் ஃபிரேமில் ஹேண்டில் நுழையும் குழாயைச் சுற்றியும் பெடல் அச்சைச் சுற்றியும் பற்றவைத்த இடங்களைத் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். முடியளவு கோடு இருந்தாலும் வேண்டாம். பெயிண்ட் புதிதாக மின்னினால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

அளவு பார்ப்பது

நம் பழைய முறை தெரியும். கை விரல் நுனியைப் பெடல் அச்சில் வைத்தால் சீட் அக்குளைத் தொட வேண்டும். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நீள வேண்டும். இரண்டும் உட்கார்ந்து மிதிப்பவருக்கான கணக்கு. டவுன்ஹில்லில் உட்காருவதே கிடையாது. பெடலை இரண்டும் சமமாக வைத்து, அதன்மேல் நின்றபடி, முழங்காலும் முழங்கையும் மடங்கி இறங்குவார்கள். எனவே சீட் எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ்ந்திருக்கும். சீட் உயரத்தை வைத்து அளவு சொல்ல முடியாது.

அங்கே பார்க்க வேண்டியது முன்பின் நீளம். பெடல் அச்சிலிருந்து நேர்மேலே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி வரை படுக்கையாக அளந்தால் வருவது. இதை "ரீச்" என்கிறார்கள். ஐந்தரை அடி ஆளுக்கு ஏறக்குறைய 430 முதல் 450 மில்லிமீட்டர் பொருந்தும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் எஸ், எம், எல் என்ற எழுத்தை மட்டும் நம்பாமல் இந்த எண்ணைக் கேளுங்கள். குறைவாக இருந்தால் இறக்கத்தில் பாரம் முன்னுக்குப் போய்க் குப்புற விழுவான். அதிகமானால் கை நீண்டு, முன்சக்கரத்தில் பாரம் இல்லாமல் வளைவில் வழுக்கும்.

இரண்டு அளவுக்கு நடுவில் இருப்பவர் என்ன செய்வது? வளைந்து நெளிந்த பாதையை விரும்புபவருக்குச் சிறியது, நேரான வேகத்தை விரும்புபவருக்குப் பெரியது. ஆனால் "வளரும் பிள்ளை, பெரிதாக வாங்குவோம்" என்ற நம் வீட்டு வழக்கம் இங்கே ஆபத்து. சட்டையைப் பெரிதாக வாங்கலாம், மலை இறங்கும் சைக்கிளை வாங்கக் கூடாது.

பொருத்துவது

நம் ஊரில் ஜட்கா ஓடிய காலம் நினைவிருக்கிறதா? ஏறியதும் வண்டிக்காரர் "பின்பாரம் ஐயா, கொஞ்சம் முன்னாடி வாங்க" என்பார். குதிரையின் கழுத்தில் நுகத்தடி தூக்காமலும் அழுத்தாமலும் நின்ற பிறகே சவுக்கை எடுப்பார். டவுன்ஹில் வண்டியைப் பொருத்துவதும் அந்தப் பாரம் பார்க்கும் வேலையே.

முதலில் அமுக்கம். ஓட்டுபவர் ஹெல்மெட், கவசம் எல்லாம் அணிந்து, சுவரைத் தொட்டபடி பெடல்மேல் நிற்க வேண்டும். ஆளின் பாரத்துக்கே ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும். முன்பக்கம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பின்பக்கம் பத்தில் மூன்று பங்கு என்பது பொதுவான கணக்கு. 200 மில்லிமீட்டர் வண்டியில் முன்னே 40, பின்னே 60. ஃபோர்க் கம்பியில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, ஆள் மெதுவாக இறங்கிய பிறகு வளையம் நின்ற இடத்தை அளந்தால் தெரியும். அதிகம் அமுங்கினால் காற்றைக் கூட்ட வேண்டும், அல்லது ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கின்மேல் 400, 450 என்று எழுதியிருப்பது அதை ஓர் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு பாரம் வேண்டும் என்ற கணக்கு. 55 கிலோ பையனுக்கும் 85 கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங் ஒத்துவராது. நண்பன் வண்டியைக் கடன் வாங்கி இறங்கக் கூடாது என்பது இதனால்தான்.

அடுத்து, அமுங்கியது எவ்வளவு வேகத்தில் எழ வேண்டும் என்பது. அதற்கு ஒரு திருகு உண்டு. வேகமாக எழுந்தால் குதிரை உதைப்பதுபோல ஆளைத் தூக்கி எறியும். மிக மெதுவானால் அடுத்த கல் வருவதற்குள் எழாது, வரிசையாக நாலு கல்லில் முழுக்க அமுங்கிக் கட்டையாகிவிடும். சீட்டில் உட்கார்ந்து ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து மெல்ல இறங்கிப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் திருகை இறுக்க வேண்டும்.

டயர் காற்று நம் பழைய வண்டியைப்போலக் கல்லாக இருக்கக் கூடாது. டியூப் இல்லாத பருமன் டயரில் ஆளின் எடைக்கேற்ப 22 முதல் 30 பவுண்டு, முன்னே கொஞ்சம் குறைவு, பின்னே கொஞ்சம் கூடுதல். ஹேண்டில்பார் 780, 800 மில்லிமீட்டர் அகலத்தில் வரும். தோள் ஒடுங்கிய பையனுக்கு இரண்டு முனையிலும் சமமாக அறுத்துக் குறைக்கலாம். முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு அறுங்கள்.

கடைசியாக பிரேக். இதை அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். நம் நாட்டில் வலது கை முன்பிரேக். ஸ்கூட்டரிலும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். பிரான்ஸ், அமெரிக்கா போன்ற தேசங்களில் இடது கைதான் முன்பிரேக். வெளிநாட்டிலிருந்து வரும் வண்டி அப்படியே வந்து சேரலாம். நம் பையன் பழக்கதோஷத்தில் பின்பிரேக் என்று நினைத்து இடது கையை இறக்கத்தில் இறுக்கினால் முன்சக்கரம் நின்று, தலைகுப்புறப் போவான். வாங்கிய அன்றே சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, எந்தக் கை எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். மாறியிருந்தால் மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். ஒரு விரல் எட்டும்படி லீவரை உள்ளே தள்ளிவையுங்கள். புது டிஸ்க் பிரேக்கைச் சமதளத்தில் இருபது முறையாவது வேகமெடுத்து, மெதுவாக்கிப் பழக்க வேண்டும். அதற்கு முன் முழுப் பிடிமானம் வராது. செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு சொட்டுகூட டிஸ்க் தட்டில் படக் கூடாது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அது பஸ்ஸும் லாரியும் எதிரே வரும் தார்ச்சாலை, டவுன்ஹில் பாதை அல்ல. செஞ்சிக்கோட்டைப் படிகளைப் படத்தில் பார்ப்பவற்றோடு ஒப்பிட்டு ஆசைப்பட வேண்டாம். அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். 2025-இல் உலக பாரம்பரியச் சின்னமாகவும் ஆகியிருக்கிறது.

பேரனோ பேத்தியோ இந்த வண்டியைக் கேட்டால் உடனே மறுக்காதீர்கள், உடனே பணத்தையும் எடுக்காதீர்கள். கடைக்குக் கூடவே போய், ரீச் எண் என்ன, பிள்ளையின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் இதில் இருக்கிறதா, முன்பிரேக் எந்தக் கையில் என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள்.